காப்புரிமைப் பட்டியலில் நாங்கள் வரைந்த கட்டங்கள்



திருமண விருந்துகளிலும் பெருநாள் சந்திப்புகளிலும் எங்கள் இருவரிடமும் தவறாமல் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு: "வீட்டிலேயே இருந்துகொண்டு கணினியில் அப்படி என்னதான் வேலை?" கணவன், மனைவி இருவரும் ஒரே தொழிலில் இருக்கிறோம். பெங்களூரில் காப்புரிமை ஆய்வு நிறுவனம் ஒன்றில் சில ஆண்டுகள் பணியாற்றிவிட்டு, 2020-இல் சொந்த ஊரான தருமபுரிக்குத் திரும்பி, அதே வேலையை இங்கிருந்து செய்து வருகிறோம். காப்புரிமை ஆய்வு என்றதும் வக்கீல் வேலையா என்பார்கள். இல்லை என்று சொல்லி, என்னவென்று விளக்கத் தொடங்குவதற்குள் பிரியாணி வந்துவிடும். ஆகவே எங்கள் வேலையின் ஒரு சிறு பகுதியையேனும் இங்கே முழுமையாகச் சொல்லிவிட விரும்புகிறோம். அந்தச் சிறு பகுதி, எங்கள் மாவட்டத்துப் பள்ளிவாசல் ஒன்றின் குடிநீரோடு தொடர்புடையதாகிவிட்டது என்பதும் ஒரு காரணம்.

ஒருவர் ஒரு புதிய பொருளுக்கோ செய்முறைக்கோ காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தால், அந்த விண்ணப்பம் பொதுவாக 18 மாதங்களுக்குப் பிறகு வெளியிடப்படும். அதில் எண், நாள், விண்ணப்பதாரர், கண்டுபிடித்தவர், வகைப்பாட்டுக் குறியீடு முதலியவை இருக்கும். ஆய்வு மென்பொருள்கள் உலகெங்குமுள்ள காப்புரிமை அலுவலகங்களிலிருந்து இவற்றைத் திரட்டி, பெரியதோர் அட்டவணையாக நம் முன் வைக்கின்றன. இவற்றைத் தரவுப் புலங்கள் என்பார்கள். எளிமைக்காகக் கட்டங்கள் என்றே சொல்வோம்.

பள்ளிவாசல் திருமணப் பதிவேட்டைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மணமகன், மணமகள், வலீ, சாட்சிகள், மஹர் என அதில் அச்சிட்ட கட்டங்கள் இருக்கும். பதிவேட்டை எழுதுபவர் சில ஊர்களில் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு கிழித்து, வெளியூர் ஜமாஅத்தின் தடையில்லாக் கடிதம் வந்துவிட்டதா என்று தம் தேவைக்காகக் குறித்து வைத்திருப்பார். மென்பொருளிலும் அப்படித்தான். அச்சிட்ட கட்டங்கள் தாமாக நிரம்பும், தாமாகப் புதுப்பிக்கப்படும். பென்சில் கட்டங்களை ஆய்வு செய்பவரே அமைத்துக்கொள்ளலாம். ஆனால் அவற்றை நிரப்புவதும் அவர் பொறுப்பு, காலத்துக்கேற்பத் திருத்துவதும் அவர் பொறுப்பு. இந்தக் கடைசிப் பொறுப்பைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள்.

இனித் தண்ணீருக்கு வருவோம். தருமபுரி மாவட்டத்தின் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி என்பதை இங்கு வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கடினப் பாறைகளில் உள்ள கனிமங்களிலிருந்து அது நீரில் கரைகிறது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் ஆதாரம் இல்லாதபோது 1.5 மில்லிகிராம் வரை அனுமதிக்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் கூறுகிறது. அதற்கு மேல் போனால், பல் உருவாகும் வயதிலுள்ள பிள்ளைகளின் பற்களில் முதலில் சுண்ணாம்பு போன்ற வெண்மையும் பிறகு பழுப்புக் கறையும் படியும். பல ஆண்டுகள் மிகுதியாகப் பருகினால் எலும்பும் மூட்டும் இறுகிவிடும். கொதிக்க வைத்தால் போய்விடும் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கொதிக்கும்போது நீர்தான் ஆவியாகிறது. புளோரைடு பாத்திரத்திலேயே தங்கி, எஞ்சிய நீரில் அதன் அடர்த்தி கூடவே செய்கிறது.

2008-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, ஜப்பானியக் கடனுதவியுடன் 2013-இல் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் முழுப் பெயரிலேயே புளோரைடு பாதிப்பைத் தணிப்பது என்ற நோக்கம் சேர்ந்திருக்கிறது. காவிரி நீர் குழாயில் வரும் ஊர்களுக்கு அது பெரிய விடுதலை. ஆனால் குழாய் நீர் தடைபடும் நாள்களில் மக்கள் மீண்டும் ஆழ்துளைக் கிணற்றுக்கே போகிறார்கள்.

பாலக்கோடு பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் பள்ளிவாசலிலும் இதே நிலைதான். வளாகத்தில் உள்ள ஆழ்துளைக் கிணற்று நீரையே மாலையில் மக்தபுக்கு வரும் பிள்ளைகள் குடிக்கிறார்கள். அந்த நீருக்கு ஒரு வடிகட்டி வைப்பதென்று ஜமாஅத்தினர் முடிவு செய்து, ரமழானில் அதற்கென்றே பணம் திரட்டினார்கள். முத்தவல்லி எங்களுக்குத் தாய்மாமன் முறை. ஒரு நாள் விலைப்பட்டியலையும் துண்டறிக்கையையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். "மாப்பிள்ளை, இது காப்புரிமை உள்ள சாமானாம். இவர்களைத் தவிர வேறு யாரும் செய்யக் கூடாதாம். உள்ளே போடுகிற மருந்தைக்கூட வருடா வருடம் இவர்களிடம்தான் வாங்க வேண்டுமாம். மெய்தானா என்று நீங்கள் இரண்டு பேரும் பார்த்துச் சொல்லுங்கள்" என்றார். வடிகட்டியின் விலையைவிட, ஆண்டுதோறும் மாற்ற வேண்டிய உட்பொருளின் விலைதான் அவரை உறுத்தியது. திரட்டிய தொகை இரண்டு ஆண்டுக்குக்கூட வராது.

துண்டறிக்கையில் இருந்த எண்ணில் சாய்கோடுகளுக்கு நடுவே சி.எச்.இ என்ற எழுத்துகள் இருந்தன. அதைக் கண்டதுமே ஒன்று தெளிவாகிவிட்டது. சென்னைக் காப்புரிமை அலுவலகத்தின் பழைய விண்ணப்பங்கள் முன்பு எம்.ஏ.எஸ் என்றும் பின்னர் சி.எச்.இ என்றும் குறிக்கப்பட்டன. 2016 முதல் எழுத்துகள் நீங்கி, ஆண்டு, அலுவலகம், வகை, வரிசை ஆகிய நான்கும் சேர்ந்த 12 இலக்க எண் வந்தது. அதில் ஐந்தாவது இலக்கம் 4 என்றிருந்தால் சென்னை. ஆக, துண்டறிக்கையில் இருந்தது விண்ணப்ப எண். வழங்கப்பட்ட காப்புரிமைக்குத் தனி எண் உண்டு. அது அங்கே இல்லை. விண்ணப்பம் போட்டதும் காப்புரிமை பெற்றதும் ஒன்றல்ல.

மாமா இன்னொரு தாளும் கொண்டுவந்திருந்தார். புளோரைடு நீக்கும் தொழில்நுட்பங்களைப் பற்றி யாரோ தொகுத்து, பலர் கைமாறிய அட்டவணை அது. அதிலும் இதே எண் இருந்தது. எதிரே "இந்திய நிலை" என்ற கட்டத்தில் "நிலுவையில்" என்று எழுதியிருந்தது. எந்த நாளில் நிலுவையில் இருந்தது என்பது தாளில் எங்குமே இல்லை. பார்த்தவர்கள் எல்லாரும் அதை இன்றைய நிலையாகவே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

எங்கள் பணிக்காக நாங்கள் பயன்படுத்தும் மென்பொருளைத் திறந்தால் சில மணி நேரத்தில் நிறையத் தெரிந்துகொள்ளலாம். ஆனால் அது நிறுவனம் கட்டணம் செலுத்தி வாடிக்கையாளர் வேலைக்காக எங்களிடம் ஒப்படைத்திருப்பது. அதில் நாங்கள் அமைத்த கட்டங்களும் எங்களுடையவை அல்ல, அமானிதம். மஸ்ஜித் காரியம்தானே என்று அதைத் தொடுவது எங்கள் இருவருக்கும் சரியாகப் படவில்லை. எனவே எவருக்கும் திறந்திருக்கும் வழிகளையே எடுத்துக்கொண்டோம். ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் எஸ்பாஸ்நெட், ஆஸ்திரேலியாவிலிருந்து நடத்தப்படும் லென்ஸ், இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் இன்பாஸ் தேடல் ஆகிய மூன்றும், கூடவே ஓர் எக்செல் தாளும். மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடைப்பட்ட நேரம் இதற்கென்று ஒதுக்கப்பட்டது.

ஒரே ஓர் எண்ணைத் தேடிப் பார்த்துவிட்டு நிறுத்தியிருக்கலாம். ஆனால் மாமாவின் கேள்விக்கு அது பாதி விடைதான். அந்த வடிகட்டிக்குத் தடை இல்லை என்று தெரிந்தாலும், வேறு எந்த முறை நல்லது, அதற்கு யாருடைய உரிமை குறுக்கே நிற்கிறது என்பவை மீதமிருக்கும்.

நீரைச் சுத்திகரிக்கும் முறைகள் பன்னாட்டு வகைப்பாட்டில் சி02எஃப் என்ற பிரிவில் வருகின்றன. நீக்கப்படும் மாசு புளோரின் சேர்மம் என்றால் 2101/14 என்ற துணைக் குறியீடும் சேர்க்கப்படும். இவை அச்சிட்ட கட்டங்கள். இவற்றைக் கொண்டு சில நூறு ஆவணங்களைத் திரட்டுவது கடினமன்று. ஆனால் அச்சிட்ட கட்டம் எதுவும் எங்கள் ஊரின் கேள்வியைக் கேட்பதில்லை. மின்சாரம் வேண்டுமா? எவ்வளவு நீர் வீணாகும்? உட்பொருளை உள்ளூரிலேயே மீண்டும் பயனுக்குக் கொண்டுவர முடியுமா? மக்தப் உஸ்தாதே இயக்க முடியுமா, ஆள் வைக்க வேண்டுமா? உலகம் தரும் கட்டங்களில் விடை இல்லாத கேள்விக்குக் கட்டத்தை நாமே வரைந்துகொள்ள வேண்டும்.

நம் நாடே அவ்வாறு செய்த வரலாறு உண்டு. மஞ்சள்தூளைக் கொண்டு காயம் ஆற்றுவதற்கு 1995-இல் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழு (சி.எஸ்.ஐ.ஆர்.) பழைய நூல்களையும் ஆய்விதழ்க் கட்டுரையையும் சான்றாகக் காட்டி வாதாடியபின் 1997-இல் அது நீக்கப்பட்டது. வேப்பெண்ணெயைக் கொண்டு பூஞ்சையைத் தடுக்கும் முறைக்கு ஐரோப்பாவில் 1994-இல் கிடைத்த காப்புரிமை 2000-இல் நீக்கப்பட்டு, மேல்முறையீடும் 2005-இல் தள்ளுபடியானது. அமெரிக்க, ஐரோப்பியப் பரிசோதகர்கள் தேடும் இடத்தில் நம் அறிவு இல்லை என்பதே இவ்வழக்குகளின் வேர். மருத்துவத் தாவரங்கள் அனைத்துக்கும் அன்றைய பன்னாட்டு வகைப்பாட்டில் ஒரே ஓர் உட்பிரிவுதான் இருந்தது. 2001-இல் தொடங்கிய பாரம்பரிய அறிவு மின்நூலகம், ஆயுர்வேத நூல்களோடு தமிழ்ச் சித்த நூல்களையும், அரபு, பாரசீகம், உருது மொழிகளிலுள்ள யூனானி நூல்களையும் பிரித்தெடுத்து, ஏறத்தாழ 25,000 உட்பிரிவுகள் கொண்ட தனி வகைப்பாட்டை அமைத்தது. அதன் விளைவாகப் பன்னாட்டு வகைப்பாட்டிலும் அந்த ஒற்றை உட்பிரிவு சுமார் 200 ஆக விரிந்தது. நம் ஹகீம்களின் நூல்கள் ஜெர்மானியப் பரிசோதகரின் திரைக்கு வந்தது, யாரோ பொறுமையாகக் கட்டங்களை வரைந்து நிரப்பியதால்தான்.

எங்கள் தாளுக்கு மீள்வோம். கட்டங்களை வரைவது ஓர் இரவு வேலை. நிரப்புவதில்தான் எல்லாத் தொல்லையும்.

"பயன்படும் பொருள்" என்று ஒரு கட்டம். முதல் வாரம் தோன்றியபடியெல்லாம் எழுத இடம்விட்டால், ஒருவர் படிகாரம் என்பார், மற்றவர் ஆலம் என்பார், மூன்றாம் ஆவணத்தில் அலுமினியம் சல்ஃபேட் என்று இருக்கும். கணினிக்கு இவை மூன்று பொருள்கள். அதனால் இத்தகைய கட்டங்களைத் தேர்வுப் பட்டியலாகத் தொடக்கத்திலேயே பூட்டிவிடுவது எங்கள் வழக்கம்: படிகாரமும் சுண்ணாம்பும், ஊக்குவிக்கப்பட்ட அலுமினா, எலும்புக்கரி, எதிர்ச் சவ்வூடுபரவல், மற்றவை. "மற்றவை" பெருகத் தொடங்கினால் புதிய பெயர் ஒன்றைச் சேர்க்கும் வேளை வந்துவிட்டது என்று பொருள்.

வெற்றுக் கட்டம் இன்னொரு பொறி. மின்சாரம் வேண்டுமா என்ற கட்டம் காலியாக இருந்தால், வேண்டாம் என்று பொருளா, யாரும் இன்னும் பார்க்கவில்லை என்று பொருளா? இரண்டு மாதம் கழித்து எழுதியவருக்கே தெரியாது. ஆகவே ஆம், இல்லை, பார்க்கவில்லை என மூன்று விடைகள் வேண்டும். இதை ஒரு சிறு விதியாகத் தோன்றினாலும் எங்கள் தொழிலில் மிகப் பெரியதாகக் கருதுகிறோம்.

பெயர்களைச் சொல்லாமல் விட முடியாது. முஹம்மது என்ற பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்பதை நம் குடும்பத்தார் அனைவரின் கடவுச்சீட்டுகளையும் அடுக்கி வைத்தாலே கண்டுகொள்ளலாம். தந்தை பெயரின் முதலெழுத்து ஒரு விண்ணப்பத்தில் முன்னால் நிற்கும், இன்னொன்றில் முழுப் பெயராகி "குடும்பப் பெயர்" கட்டத்தில் போய் உட்காரும். ஒரே ஆய்வாளர் மென்பொருளில் நான்கு பேராகிவிடுவார். நான்கு அப்துல் காதர்கள் ஒரே ஆளாகிவிடுவார்கள். ஹதீஸ் அறிவிப்பாளர்களைப் பற்றிய கலையில் இது ஆயிரம் ஆண்டுப் பழைய சிக்கல். ஹிஜ்ரி 463-இல் மறைந்த கத்தீப் அல் பக்தாதி, ஒரே பெயருடைய வேறு வேறு மனிதர்களைப் பிரித்துக் காட்ட ஒரு நூலும், வேறு வேறு பெயர்களில் வரும் ஒரே மனிதரை அடையாளம் காட்ட இன்னொரு நூலும் எழுதினார். நாங்கள் செய்வது மிகச் சிறியது: அச்சிட்ட பெயரைத் தொடாமல், பக்கத்தில் "சீர்செய்த பெயர்" என்று ஒரு கட்டம். மூலம் மூலமாகவே இருக்க வேண்டும். திருத்தம் தனியாக நிற்க வேண்டும்.

எண்களும் சும்மா இருப்பதில்லை. மென்பொருளிலிருந்து பட்டியலை எக்செல்லுக்கு இறக்கி, கட்டங்களை மொத்தமாக நிரப்பி, மீண்டும் ஏற்றுவதுதான் வழக்கமான முறை. எந்தக் குறிப்பு எந்த ஆவணத்துக்குரியது என்பதை எண்ணைக் கொண்டே மென்பொருள் பொருத்துகிறது. 2016-க்குப் பிந்தைய இந்திய விண்ணப்ப எண்ணுக்கு 12 இலக்கங்கள். எக்செல்லோ 11 இலக்கத்துக்கு மேற்பட்ட எண்ணைக் கண்டதும், பொது வடிவக் கட்டமாயின், 2.01641இ+11 என்று சுருக்கிக் காட்டிவிடும். அதை அப்படியே எழுத்துக் கோப்பாகச் சேமித்தால் கடைசி ஆறு இலக்கங்களும் போய்விடும். ஆயிரக்கணக்கான சென்னை விண்ணப்பங்கள் ஒரே எண்ணாகத் தோன்றும். கோப்பைத் திறக்கும்போதே அந்தக் கட்டத்தை "எழுத்து" என்று அறிவித்துவிட்டால் போதும். இன்னொரு பாதுகாப்பு: மீண்டும் ஏற்றுவதற்கு முன், இருக்கும் நிலையை ஒரு பிரதி எடுத்து வைப்பது. சில மென்பொருள்களில் ஏற்றும் கோப்பின் காலிக் கட்டம், ஏற்கெனவே இருந்த குறிப்பை அழித்துவிடும், சிலவற்றில் அழிக்காது. ஐந்து வரிகளை மட்டும் ஏற்றிப் பார்த்துவிட்டுத்தான் ஐந்நூறை ஏற்ற வேண்டும்.

காப்புரிமைக் குடும்பம் என்ற ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஒரே கண்டுபிடிப்புக்கு அமெரிக்காவிலும் சீனாவிலும் இந்தியாவிலும் தனித்தனியே விண்ணப்பித்தால், மென்பொருள் அவற்றை ஒரு குடும்பமாகச் சேர்த்து ஒரு வரியாகக் காட்டும். படிக்க எளிது. ஆனால் உரிமை நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவில் உயிருடன் இருக்கும் காப்புரிமை, இந்தியாவில் விண்ணப்பிக்கப்படவே இல்லை என்றால், பாலக்கோட்டில் அதன்படி வடிகட்டி செய்பவரை ஒன்றும் செய்ய முடியாது. எனவே "பொருள்" என்ற கட்டத்தைக் குடும்பத்துக்கு ஒன்றாக வைக்கலாம். "நிலை" என்ற கட்டத்தை ஒவ்வோர் ஆவணத்துக்கும் தனியாகத்தான் வைக்க வேண்டும்.

அந்த "நிலை" கட்டமே மாமாவின் தாளில் பிழைத்துப்போன இடம். காப்புரிமைக்கு ஆயுள், விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு. அதுவரை தானாக உயிர் வாழாது. இந்தியாவில் மூன்றாம் ஆண்டிலிருந்து ஆண்டுதோறும் புதுப்பிப்புக் கட்டணம் செலுத்த வேண்டும், தவறினால் காலாவதியாகும். காலாவதியானாலும், அந்த நாளிலிருந்து 18 மாதங்களுக்குள் மீட்டுத் தருமாறு மனுச் செய்யச் சட்டம் இடம் தருகிறது. காப்புரிமை பெறுமுன் உள்ள காலத்திலும் இறப்புகள் உண்டு. பரிசோதனை வேண்டும் என்று உரிய காலத்துக்குள் கேட்காவிட்டால் விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டதாகக் கருதப்படும். பரிசோதகர் எழுப்பிய ஆட்சேபணைகளுக்கு உரிய காலத்தில் மறுமொழி தராவிட்டால் கைவிடப்பட்டதாகக் கருதப்படும். ஆகவே "நிலுவையில்" என்ற சொல் அன்றைய வானிலையைப் போன்றது. நாள் குறிக்காத வானிலை அறிக்கையை வைத்துக்கொண்டு யாரும் நெல் காயப்போடுவதில்லை.

எங்கள் தாளில் நிலைக்கு அருகில் மேலும் மூன்று கட்டங்கள் வைத்தோம்: எங்கே பார்த்தது, எந்த நாளில் பார்த்தது, அடுத்து எப்போது பார்க்க வேண்டும். மூன்றாவது கட்டத்தை விண்ணப்ப நாளைக் கொண்டு கணக்கிடலாம், ஏனெனில் புதுப்பிப்புக் கட்டணம் அந்த நாளையொட்டியே வருகிறது. வணிக மென்பொருள்கள் நிலையைத் தாமே காட்டும்தான். ஆயினும் இந்திய ஆவணங்களுக்கு இந்திய அலுவலகத்தின் பதிவேட்டையே கடைசிச் சொல்லாகக் கொள்வது நல்லது.

துண்டறிக்கையின் எண்ணை இன்பாஸில் இட்டுப் பார்த்தபோது, பரிசோதனை அறிக்கைக்கு மறுமொழி வராததால் அந்த விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கருதப்பட்டு ஆண்டுகள் பல ஆகியிருந்தன. காப்புரிமை என்று ஒன்று பிறக்கவே இல்லை. விற்பனையாளர் வேண்டுமென்றே பொய் சொன்னார் என்று நாங்கள் கருதவில்லை. விண்ணப்பித்த காலத்தில் அச்சிட்ட துண்டறிக்கையையே இன்றும் அச்சிட்டுக்கொண்டிருக்கலாம். ஆனாலும் காப்புரிமை இல்லாத பொருளைக் காப்புரிமை பெற்றது என்று சொல்லி விற்பது இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 120-ஆம் பிரிவின்படி தண்டத்தொகைக்கு உரிய செயல் என்பதை வாங்குபவர்கள் அறிந்திருப்பது நல்லது.

அந்த வடிகட்டியின் உள்ளே இருப்பது ஊக்குவிக்கப்பட்ட அலுமினா. பல பத்தாண்டுகளாக உலகம் அறிந்த பொருள். அதன்மீது புளோரைடு ஒட்டிக்கொள்ளும்; நிறைந்ததும் எரிசோடாக் கரைசலால் கழுவி, பிறகு அமிலத்தால் நடுநிலைப்படுத்தி மீண்டும் பயன்படுத்தலாம். ஆண்டுதோறும் ஒரே இடத்தில்தான் புதிதாக வாங்க வேண்டும் என்பதற்கு வேதியியலிலும் காரணம் இல்லை, சட்டத்திலும் இல்லை. நாகப்பூரின் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய நல்கொண்டா முறையோ இன்னும் எளியது: படிகாரம், சுண்ணாம்பு, வெளுப்புத்தூள் ஆகியவற்றைக் கலக்கித் தெளிய வைப்பது. ஆனால் அன்றாடம் அளந்து போடவும் வண்டலை அகற்றவும் ஆள் வேண்டும். எதிர்ச் சவ்வூடுபரவல் புளோரைடை நன்றாக நீக்கும்; மின்சாரம் வேண்டும், நீரில் ஒரு பங்கு வீணாகும்.

ஒரு விண்ணப்பம் இறந்துவிட்டதால் எல்லாத் தடையும் நீங்கியது என்றும் சொல்லிவிட முடியாது. அதே அலுமினாவை மேம்படுத்தும் பூச்சுக்கோ, உறையின் அமைப்புக்கோ வேறொருவரிடம் உயிருள்ள காப்புரிமை இருக்கலாம். திரட்டிய ஆவணங்களில் இந்தியாவில் உயிருள்ளவற்றை மட்டும் பிரித்தெடுத்து, சாதாரண அலுமினா வடிகட்டியை அவை தொடுகின்றனவா என்று உரிமைக்கோரல்களை வரி வரியாகப் படிக்க ஏறத்தாழ இரண்டு வாரம் பிடித்தது. நாங்கள் பார்த்தவரை தொடவில்லை.

அவற்றுக்காக "இந்தியாவில் தயாரிக்கப்படுகிறதா" என்று ஒரு கட்டமும் வைத்திருந்தோம். இதற்கு விடை, காப்புரிமையாளர்கள் அரசுக்குத் தர வேண்டிய படிவம் 27-இல் இருக்கிறது. 2012-இல் பேயர் நிறுவனத்தின் புற்றுநோய் மருந்தை நாட்கோ நிறுவனம் மலிவாகத் தயாரிக்கக் கட்டாய உரிமம் வழங்கப்பட்டபோது, அந்த மருந்து இந்தியாவில் எத்தனை பேரைச் சென்றடைந்தது என்பதற்கு இந்தப் படிவத் தகவல்களும் துணை நின்றன. ஆனால் பலர் படிவத்தைத் தருவதே இல்லை. தந்தாலும் பாதிக் கட்டங்கள் காலி. கேரளத்தைச் சேர்ந்த சட்டப் பேராசிரியர் ஷம்நாத் பஷீர் இதை ஆய்ந்து வெளிப்படுத்தி, 2015-இல் தில்லி உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். படிவம் 2020-இல் மாற்றப்பட்டது. அடுத்த ஆண்டே அதைக் காண அவர் இருந்திருக்க வேண்டும், 2019-இல் மறைந்துவிட்டார். 2024 விதிகளின்படி இப்போது மூன்று நிதியாண்டுக்கு ஒரு முறை தந்தால் போதும். அதாவது அரசின் கட்டமே மூன்றாண்டு பழையதாக இருக்கக்கூடும். இது முன்னேற்றம் என்று எங்களால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

கண்டறிந்தவற்றை இரண்டு பக்கத் தமிழில் எழுதி எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவ்வூருக்குச் சென்றோம். ஒவ்வொரு வரியின் எதிரிலும் பார்த்த நாள் இருந்தது. முதல் வேலையாகக் கிணற்று நீரைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துச் சோதிக்கச் சொன்னோம், ஏனெனில் விலைப்பட்டியல் வாங்குவதற்கு முன் அதை யாரும் செய்திருக்கவில்லை. முடிவு 1.5-க்கு மேலேயே வந்தது. ஜமாஅத்தினர் வேறு இரண்டு தயாரிப்பாளர்களிடம் விலை கேட்டார்கள். உட்பொருளை யாரிடம் வேண்டுமானாலும் வாங்கலாம், கழுவிப் பயன்படுத்தக் கற்றுத்தர வேண்டும் என்ற இரு நிபந்தனைகளோடு ஒருவரிடம் ஒப்பந்தமாயிற்று. திரட்டிய தொகைக்குள் அடங்கியது, அல்ஹம்துலில்லாஹ்.

பேச்சு முடியும் வேளையில், பெண்கள் பக்கமிருந்து ஒரு மூதாட்டி கேட்டார்: "கழுவுகிற தண்ணீரில் அந்த விஷம் முழுவதும் இருக்குமே, அதை எங்கே ஊற்றுவீர்கள்? திரும்பக் கிணற்றுக்குப் பக்கத்திலேயா?" ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எங்கள் தாளில் இருந்த கட்டங்களில் எதிலும் அதற்கு இடம் இல்லை. எங்கள் கைக்கு வந்த ஆவணங்களிலும் பெரும்பாலானவை நீர் தூய்மையாவதோடு முடிந்துவிடுகின்றன. கழிவைப் பற்றி ஒரு பத்தியேனும் எழுதியவை சிலவே.

வீட்டுக்கு வந்த இரவே "கழிவு எங்கே போகிறது" என்ற கட்டத்தைச் சேர்த்தோம். கிணற்றிலிருந்து தள்ளி, அடியில் நீர் இறங்காத தொட்டி கட்டி, அதில் ஆவியாக விடுவதென்று ஜமாஅத்தினர் இப்போதைக்கு முடிவு செய்திருக்கிறார்கள். தொட்டியில் எஞ்சும் உப்பை என்ன செய்வது என்று மாமா கேட்டிருக்கிறார். கட்டத்தில் இன்றைய தேதி வரை பெரும்பாலான வரிகளில் "பார்க்கவில்லை" என்றே இருக்கிறது. இரவுதோறும் நாலைந்து ஆவணங்களாகப் படித்து வருகிறோம்.